பதினைந்து லட்சத்தில் முதல் மனை: எங்கே தொடங்குவது?

ஞாயிறு காலை வேன் வரும். ஏறி உட்கார்ந்தால் தண்ணீர் பாட்டிலும் கலர் நோட்டீசும் தருவார்கள். நெடுஞ்சாலையை விட்டு இறங்கி மண் ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும் ஒரு தோரண வாயில், கொடிகள், வெள்ளையடித்த கற்கள், ஷாமியானா, மதியம் பிரியாணி. "இன்னைக்கே புக் பண்றவங்களுக்கு ஒரு கிராம் தங்கக் காசு" என்பார் மைக் பிடித்தவர். தமிழ்நாட்டில் நிலத்தில் பணம் போட நினைக்கிற பலருக்கும் முதல் பாடம் இந்த வேனில்தான் ஆரம்பிக்கிறது. தாராளமாகப் போய் பிரியாணி சாப்பிட்டு வாருங்கள். டோக்கன் அட்வான்ஸ் மட்டும் கொடுக்காதீர்கள்.

பத்து இருபது லட்சம் சேர்த்து வைத்துக்கொண்டு முதல் தடவையாக மனை வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். விலை ஏறுமா இறங்குமா என்று சொல்ல என்னால் ஆகாது. எந்த வரிசையில் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

முதலில் கணக்கு

1,200 சதுர அடி மனை, சதுர அடி 1,250 ரூபாய், ஆக 15 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். (பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரல் வரை 4 சதவீதமாக இருந்தது. குறைத்தார்கள், கூடவே வழிகாட்டி மதிப்பையும், அதாவது பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் நில விலையையும், ஏற்றினார்கள். அதனால் ரொம்பச் சந்தோஷப்பட ஒன்றுமில்லை.) அதுவே 1,35,000 ஆயிற்று. புரோக்கர் கமிஷன் 2 சதவீதம் என்றால் 30,000. வக்கீல், பத்திர எழுத்தர், சர்வேயர், நாலு கல், கம்பி வேலி என்று இன்னொரு 25,000. உங்கள் கையிலிருந்து போனது 16 லட்சத்து 90 ஆயிரம்.

ஐந்து வருடம் கழித்து 20 லட்சத்துக்கு விற்கிறீர்கள். சொந்தக்காரர்களிடம் "ஐந்து லட்சம் லாபம்" என்பீர்கள். விற்ற கமிஷன் 40,000 போக மிச்சம் 19 லட்சத்து 60 ஆயிரம். உண்மையான லாபம் 2 லட்சத்து 70 ஆயிரம். வருடத்துக்கு 3 சதவீதம் என்று வரும். அதிலும் நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம் போகும். அதே 16.9 லட்சத்தை 7 சதவீத வட்டியில் வங்கியில் போட்டிருந்தால் ஐந்து வருடத்தில் 23 லட்சத்து 70 ஆயிரம் ஆகியிருக்கும், அதற்கும் வரி உண்டு என்றாலும். மனை வங்கியைத் தொட வேண்டுமானால் 15 லட்சம் 24 லட்சமாக வேண்டும்.

மனை வாங்காதீர்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. மூன்று வருடத்தில் கைமாற்றிவிடலாம் என்ற எண்ணத்தோடு வாங்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். பத்து வருடம் அந்தப் பணம் தேவைப்படாது என்றால் மட்டும் மேலே படியுங்கள். மகளின் கல்லூரிக் கட்டணம், அவசர ஆஸ்பத்திரிச் செலவு, ஆறு மாத வீட்டுச் செலவு எல்லாம் தனியாக இருக்க வேண்டும். நிலத்தை அவசரத்துக்கு விற்றால் வாங்குபவர் உங்கள் முகத்தைப் பார்த்தே விலையைக் குறைப்பார்.

ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விடலாமே என்பவர்களுக்கு ஒரே ஒரு கணக்கு. 60 லட்சம் ஃபிளாட்டுக்கு மாதம் 15,000 வாடகை வந்தால் வருடத்துக்கு 3 சதவீதம். அதில் 48 லட்சத்தை 8.5 சதவீத வட்டியில் 20 வருடக் கடனாக வாங்கினால் மாதத் தவணை 41,000-க்கு மேல். மிச்சம் 26,000 மாதாமாதம் உங்கள் சம்பளத்திலிருந்து போகும். குடியிருக்க வாங்குவது வேறு விஷயம். முதலீடாக முதல் அடி வைப்பவருக்கு இதை நான் சொல்ல மாட்டேன். நிலமே வேண்டாம், கட்டட வருமானத்தில் மட்டும் பங்கு போதும் என்றால் பங்குச் சந்தையில் 'ரீட்' யூனிட்கள் இருக்கின்றன. 2019-இலிருந்து இந்தியச் சந்தையில் வர்த்தகமாகின்றன, ஒரே ஒரு யூனிட்கூட வாங்கலாம்.

ஒரே ஊரைப் பிடித்துக்கொள்ளுங்கள்

உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்வரக்கூடிய ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் அங்கே எதுவும் வாங்காதீர்கள், சும்மா சுற்றுங்கள். எந்தத் தெருவில் என்ன விலை போகிறது என்று புரோக்கர் மூன்று பேரிடமும், வீடு கட்டிக்கொண்டிருக்கும் மேஸ்திரி ஒருவரிடமும் கேளுங்கள். மேஸ்திரி சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும், அவருக்கு விற்க ஒன்றும் இல்லை.

வெயில் காலத்தில் எல்லா மனையும் நல்ல மனைதான். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு நாள் அடைமழைக்குப் பிறகு போய்ப் பாருங்கள். தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது, பக்கத்து வீட்டுச் சுவரில் எந்த உயரத்தில் கறை இருக்கிறது என்று கவனியுங்கள். 2015 டிசம்பரில் சென்னையில் மூழ்கிய இடங்கள் பலவற்றுக்கும் பழைய ஏரியோ சதுப்போ ஓடையோ பக்கத்தில் இருந்தது. மனையின் பெயர் 'லேக் வியூ' என்றிருந்தால் இரண்டு தடவை யோசியுங்கள்.

என் சொந்த விருப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். வரப்போகிற தொழிற்பேட்டை, வரப்போகிற மெட்ரோ, வரப்போகிற விமான நிலையம் இதையெல்லாம் நம்பி விலை சொல்லும் மனையைவிட, ஏற்கெனவே பத்து வீட்டில் துணி காய்கிற தெருவில் ஒரு சின்ன மனை மேல். சுவாரஸ்யம் இருக்காது. ஆனால் விற்க வேண்டிய அன்றைக்கு வாங்க ஆள் இருக்கும்.

அளவுகளில் ஏமாறாதீர்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, நூறு சென்ட் ஒரு ஏக்கர். சென்னைப் பக்கம் கிரவுண்டு என்றால் 2,400 சதுர அடி. தஞ்சாவூர்ப் பக்கம் குழி என்பார்கள், 144 சதுர அடி. பட்டாவில் இவை எதுவும் இருக்காது. ஹெக்டேர், ஏர் என்றுதான் இருக்கும். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், கிட்டத்தட்ட இரண்டரை சென்ட்.

அப்ரூவல் என்றால் யாருடைய அப்ரூவல்?

"பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு சார்" என்று யாராவது சொன்னால் அங்கேயே வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடலாம். மனைப்பிரிவுக்கு அனுமதி தர பஞ்சாயத்துத் தலைவருக்கு அதிகாரம் கிடையாது. சென்னைப் பெருநகர்ப் பகுதிக்குள் என்றால் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்), மற்ற இடங்களில் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்). அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்கு முன்பே விற்றுப்போன மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. அதன்படி 2016 அக்டோபர் 20 வரை பதிவான மனைகளுக்கு வழி உண்டு. பழைய மனையை வாங்குகிறீர்கள் என்றால் அந்த வரன்முறை உத்தரவின் நகலைக் கேளுங்கள். "அப்ளை பண்ணியிருக்கோம்" என்பது உத்தரவு ஆகாது.

புதிய லேஅவுட் என்றால் ரெரா எண்ணும் வேண்டும். ரெரா என்பது வீடு, மனை விற்பவர்களைக் கண்காணிக்கும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தைப் பிரித்து விற்பவர் ரெராவில் பதிந்தாக வேண்டும். விளம்பரத்தில் இருக்கும் எண்ணை தமிழ்நாடு ரெராவின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். அங்கே இருக்கும் வரைபடமும் உங்களிடம் காட்டிய வரைபடமும் ஒன்றுதானா என்று பாருங்கள். 'பூங்கா' என்று ஒதுக்கிய இடத்தில் உங்களுக்கு மனை எண் போட்டுக் கொடுத்துவிடும் ஆட்கள் உண்டு. சாலையும் பூங்கா இடமும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும், அதன் ஆவண எண்ணையும் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று: பதிவு செய்த ஒப்பந்தம் போடாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்க ரெரா சட்டம் விடாது.

பத்திரங்களைப் படிப்பது

நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை இதுதான். வக்கீலிடம் கொடுக்கத்தான் போகிறீர்கள். இருந்தாலும் முதலில் நீங்களே படியுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

விற்பவரிடம் அவருடைய கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய பத்திரம், அதற்கும் முந்தைய தாய்ப் பத்திரம் என்று குறைந்தது 30 வருடத்துக்கு நகல் வாங்குங்கள். ஒரு வெள்ளைத்தாளில் வரிசையாக எழுதுங்கள்: யார் எழுதிக் கொடுத்தார், யார் எழுதி வாங்கினார், ஆவண எண், வருடம், சர்வே எண், பரப்பு, நான்கு எல்லை. ஒருவர் வாங்கியதைத்தான் அவரே விற்றிருக்கிறாரா? 40 சென்ட் வாங்கியவர் துண்டு துண்டாக 46 சென்ட் விற்றிருக்கிறாரா? சிரிக்காதீர்கள், இது நடக்கும். கடைசியாக வாங்குபவருக்கு நிலமே இருக்காது, பத்திரம் மட்டும் இருக்கும்.

அடுத்தது வில்லங்கம், அதாவது அந்த நிலத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் போன்றவற்றின் பட்டியல். பதிவுத்துறையின் இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். புதியவர்கள் செய்யும் தப்பு ஒன்று உண்டு. மனை 112/3பி என்ற சர்வே எண்ணில் இருக்கிறது என்றால் அந்த எண்ணை மட்டும் போட்டுத் தேடுவார்கள், சுத்தமாக வரும். ஆனால் உட்பிரிவு ஆனதே நான்கு வருடத்துக்கு முன்னால்தான். அதற்கு முந்தைய அடமானம் 112/3 என்ற பழைய எண்ணில் ஏறியிருக்கும். பழைய எண், புதிய எண் இரண்டிலும் போடுங்கள். அந்தக் கிராமம் முன்பு வேறு சார்பதிவாளர் அலுவலகத்தில் இருந்ததா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். 1975-க்கு முந்தையது வேண்டுமென்றால் பெரும்பாலும் அலுவலகத்துக்கே போய் மனுப் போட வேண்டியிருக்கும்.

வில்லங்கத்தில் பதிவானது மட்டும்தான் தெரியும். பதியாத உயில் தெரியாது. வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டது தெரியாது. கோர்ட்டில் வழக்கு நடந்தாலும் அது அங்கே ஏறியிருக்கும் என்ற நிச்சயமில்லை. இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். என் முதல் மனைக்கு 50,000 அட்வான்ஸ் கொடுத்த மறுநாள், எதிரே இருந்த டீக்கடையில் நின்றேன். "யார்கிட்ட வாங்குறீங்க தம்பி?" என்றார் கடைக்காரர். சொன்னேன். டீயை ஆற்றிக்கொண்டே, "அப்போ புனாவுல இருக்கிற அக்கா கையெழுத்துப் போட்டுட்டாங்களா?" என்றார். அப்படி ஓர் அக்கா இருப்பதே எனக்குத் தெரியாது. அப்பா இறந்ததும் அண்ணனும் தம்பியும் மட்டும் பாகப்பிரிவினைப் பத்திரம் போட்டுப் பதிந்திருந்தார்கள். வில்லங்கத்தில் அது அழகாக ஏறியிருந்தது. வாரிசுச் சான்றிதழைக் கேட்டேன். "எங்கேயோ தொலஞ்சு போச்சு" என்றார்கள். அட்வான்ஸைத் திரும்ப வாங்க எட்டு மாதம் அலைந்தேன். 40,000 வந்தது.

ஆகவே விற்பவருக்குச் சொத்து பரம்பரையாக வந்திருந்தால் வாரிசுச் சான்றிதழ் இல்லாமல் பேச்சே வேண்டாம். இந்துக் குடும்பம் என்றால், அப்பா சுயமாகச் சம்பாதித்து உயில் எழுதாமல் இறந்த சொத்தில் 1956-இலிருந்தே மகளுக்குச் சமபங்கு. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989-இல் மணமாகாத மகள்களுக்குக் கொடுத்தது, 2005-இல் மத்தியச் சட்டம் மணமான மகள்களையும் சேர்த்தது. "கல்யாணத்துக்கு நகை போட்டாச்சு, அவளுக்குப் பங்கு கிடையாது" என்ற பேச்சு சட்டத்தில் எடுபடாது. அக்கா தங்கைகள் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது தங்கள் பங்கை விட்டுக்கொடுத்துப் பதிந்த விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும். மைனர் பிள்ளையின் பங்கு இருந்தால் வக்கீலைக் கேட்காமல் ஓர் அடிகூட வைக்காதீர்கள்.

உரிமையாளரிடம் பவர் (அவர் சார்பாக விற்கும் அதிகாரப் பத்திரம்) வாங்கியவர் விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்க வேண்டும். அவர் இறந்த நிமிடமே பவர் செத்துப்போகும். முடிந்தால் அவரையே நேரில் பாருங்கள்; பெயரளவுக்கு ஒரு ஆயுள் சான்றிதழ் காட்டினால் திருப்தி அடையாதீர்கள்.

பட்டா (நிலம் யார் பெயரில் என்ற வருவாய்த்துறை ஆவணம்), சிட்டா (பட்டா எண் வாரியாக நில விவரம்), அ-பதிவேடு (சர்வே எண் வாரியாக நில விவரம்), புலப்படம் (அளவுகளோடு கூடிய நில வரைபடம்) நான்கும் வருவாய்த்துறையின் இ-சேவைத் தளத்தில் கிடைக்கும். பட்டாவில் விற்பவர் பெயர் இருக்க வேண்டும். கூட்டுப் பட்டா என்றால் மற்ற பெயர்கள் யார் என்று கேளுங்கள். 1980-களில் நில ஆவணங்களைப் புதுப்பிக்க நடந்த யுடிஆர் வேலையில் பெயர்கள் மாறி ஏறிய கதை ஊருக்கு ஊர் உண்டு. பட்டாவில் பெயர் இருப்பதாலேயே ஒருவர் உரிமையாளர் ஆகிவிட மாட்டார், பத்திரமும் பட்டாவும் ஒத்துப்போக வேண்டும். அ-பதிவேட்டில் நிலத்தின் வகைப்பாட்டைப் பாருங்கள். புறம்போக்கு, நீர்நிலை, கோயில், வக்பு என்றால் விலகிவிடுங்கள். பஞ்சமி நிலம் என்பது 1892-இல் ஆங்கிலேய அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு ஒதுக்கியது. மற்றவர் வாங்கினால் செல்லாது. வழிகாட்டி மதிப்பு தேடும்போது அந்த சர்வே எண்ணுக்குப் பூஜ்யம் என்று வந்தாலும் ஏன் என்று கேட்காமல் நகராதீர்கள்.

புலப்படத்தை அச்செடுத்துக்கொண்டு நேரில் போய் டேப் பிடியுங்கள். முன்பக்கச் சாலை 23 அடி என்று பத்திரத்தில் எழுதியிருக்கும். தரையில் பதினாறு இருக்கும், மிச்சம் எதிர்வீட்டுச் சுவருக்குள். சர்வேயரை வைத்து அளந்து நான்கு மூலையிலும் கல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு வக்கீல் கருத்து. விற்பவரோ புரோக்கரோ அழைத்துவரும் வக்கீல் வேண்டாம். கையில் முழுப் பணம் இருந்தாலும், மனைக்கடன் கேட்டு ஒரு வங்கியில் மனுப் போடுங்கள் என்பேன். வங்கியின் வக்கீலும் மதிப்பீட்டாளரும் பார்த்துவிட்டு 'முடியாது' என்றால் ஏதோ இருக்கிறது. வங்கி தொட மறுத்த மனையைச் சொந்தக் காசு போட்டு வாங்கக் கூடாது.

அட்வான்ஸ், ஒப்பந்தம், பதிவு

விலை பேசும்போது தெரு விலையும் வழிகாட்டி மதிப்பும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் தீர்வை. "பத்திரத்தில் குறைச்சு போட்டுக்கலாம், மீதியைக் கையில் கொடுத்துடுங்க" என்று சொல்லுவார்கள். அன்றைக்குக் கொஞ்சம் மிச்சமாகும். பிறகு நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை குறைவாகக் காட்டியிருப்பதால் ஆதாய வரி உங்கள் தலையில். தவிர, நிலத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. எல்லாமே வங்கி வழியாகப் போகட்டும்.

அட்வான்ஸை ஒப்பந்தம் போட்டுப் பதிந்துவிட்டுக் கொடுங்கள். எத்தனை நாளில் கிரயம், சொத்தில் பிரச்சினை தெரிந்தால் அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்ப வரும், இந்த இரண்டும் தெளிவாக இருக்கட்டும். பத்திர எழுத்தர் வழக்கமான வாசகத்தைப் போட்டுத் தருவார், அதில் இரண்டாவது இருக்காது. எனக்கும் இருக்கவில்லை.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விற்பவருக்குக் கொடுப்பதில் 1 சதவீதம் வருமான வரியாகப் பிடித்து நீங்கள்தான் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் குடியேறியவர் என்றால் இந்தக் கணக்கு செல்லாது. பிடிக்க வேண்டியது நிறைய, முன்கூட்டியே ஆடிட்டரைப் பாருங்கள். மனைவி, அம்மா, மகள் பெயரில் வாங்கினால் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்கு 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணம் 2 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாகக் குறையும்.

பதிவுக்கு முதல் நாள் ராத்திரி இன்னொரு தடவை வில்லங்கம் போட்டுப் பாருங்கள். வரைவுப் பத்திரத்தில் சர்வே எண்ணையும் நான்கு எல்லையையும் வாய்விட்டுப் படியுங்கள். கிழக்கு மேற்காக மாறிப்போனால் பிழைத்திருத்தல் பத்திரம் போட மறுபடி அத்தனை பேரையும் அழைத்துவர வேண்டும். பதிவு நாளில் இரண்டு சாட்சிகள், ஆதார், பான், போட்டோ, கைரேகை. கூட்டம் இருந்தால் அரை நாள் போகும். மூலப் பத்திரங்கள் உங்கள் கைக்கு வந்த பிறகே கடைசித் தொகை போகட்டும்.

அப்புறம்

பலரும் பத்திரத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். பட்டா மாறுதலைத் தொடர்ந்து கவனியுங்கள். உட்பிரிவு தேவையில்லாத இடத்தில் பதிவோடு சேர்ந்தே பெயர் மாறிவிடும். உட்பிரிவு வேண்டுமென்றால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும், நீங்கள் போய் நினைவுபடுத்தவும் வேண்டும். நகரத்துக்குள் என்றால் காலி மனை வரி கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

வேலி போடுங்கள். ஒரு பலகையில் பெயரும் போன் நம்பரும் எழுதி நடுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை வில்லங்கம் போட்டுப் பார்ப்பதற்குப் பத்து நிமிடம் ஆகும், காசு ஆகாது. பொங்கல் விடுமுறைக்கு அந்தப் பக்கம் போனால் சீமைக் கருவேலத்தை வெட்டச் சொல்லிவிட்டு, நாலு கல்லும் அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். டீக்கடைக்காரருக்கும் உங்கள் நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.